நெடி வராத உலை

“செம்பு செத்துப்போச்சு சார்” என்று நான் சொல்லும்போதெல்லாம் என் ஆய்வு வழிகாட்டி திருப்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “நல்லா கழுவினியாம்மா?” சித்தூரில் நேரில் கேட்டார். நான் திருப்பதிக்குத் திரும்பிய பிறகு போனில் கேட்டார். ஒருமுறை அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், கையில் பாயசக் கிண்ணத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார். கழுவினேன். விரல் நுனியில் தோல் உரியும்வரை கழுவினேன். இருந்தாலும் ஒழுங்காகக் கழுவத் தெரியாதவள் என்ற பெயரோடு ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். அந்தக் கோபம் இன்னும் அடங்காததால்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருப்பதியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிறந்தது நகரியில், விசைத்தறிச் சத்தத்துக்குள். கல்லூரியில் சேர்ந்தபோது எம்.எஸ்சி. போதும் என்றார்கள். பிறகு ஒருநாள் பிரின்சிபால் கூப்பிட்டு உட்காரவைத்து, வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினார். மரியாதை கூடினாலே எனக்குச் சந்தேகம் வரும். அடுத்த வருட அட்மிஷனுக்கு முன் முனைவர் பட்டம் வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டம் உள்ள ஒருவரை என் இடத்தில் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை என்றார். நான் ஏற்கெனவே பகுதிநேர ஆய்வில்தான் இருந்தேன். பட்டம் எங்கேயோ பாகாலா ஜங்ஷனில் சிக்னல் கிடைக்காத ரயிலாக நின்றுகொண்டிருந்தது.

நைனா, அதாவது என் அப்பா, வாரம் தவறாமல் நகரியிலிருந்து போன் செய்வார். “இன்னாம்மா, டாக்டர் ஆயிட்டியா?” பக்கத்துத் தறிக்காரர்களிடம் எல்லாம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார். அவர்களில் ஒருவர் என்னிடம் முட்டிவலிக்கு மருந்துகூடக் கேட்டார்.

என் வழிகாட்டி என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். சத்யவேடு பக்கத்து விவசாயக் குடும்பம், வீட்டில் எங்களைப் போலத் தமிழ்தான். பல்கலைக்கழகத் துறையில் மற்ற எல்லாரும் தெலுங்கு பேச, நாங்கள் இருவர் மட்டும் தமிழில் பேசிக்கொள்வோம். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் ரொம்ப ஒட்டு என்று தோன்றியிருக்கும். உண்மையில் நாங்கள் தமிழில் பேசியதில் பெரும்பாதி சண்டை. திறமைசாலி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வினையூக்கிகள் எதனால் நஞ்சேறிக் கெடுகின்றன என்பதைப் பற்றி மாணவர்களுக்கு வகுப்பெடுத்தால் மதியச் சாப்பாட்டு மணி அடித்தாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை மாங்கொட்டையிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது. சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைய. சீசன் முடிந்தால் கொட்டை மலைமலையாகக் கிடக்கும். பங்காருபாளையம் போகும் ரோட்டில் ஒரு ஆலைக்காரர் தன் பின்பக்க மூலையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். அங்கே தகரக் கொட்டகைக்குக் கீழே, ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் ஒரு இரும்பு உலை. காய்ந்த கொட்டையைக் காற்று போதாமல் எரித்தால் புகைக்குப் பதிலாக எரியக்கூடிய வாயு வரும், அதில் நல்ல பங்கு கார்பன் மோனாக்சைடு. அந்த வாயுவைத் தண்ணீரில் கழுவி, கந்தகத்தை நீக்கி, நீராவியோடு கலந்து, சூடான வினையூக்கியின் வழியாகச் செலுத்த வேண்டும். மோனாக்சைடு நீராவியிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு டை ஆக்சைடாக மாறிவிடும். ஆக்சிஜனைப் பறிகொடுத்த நீர் ஹைட்ரஜனாக வெளியே வரும். கேட்கும்போது எவ்வளவு சுலபம்!

இதற்கு இரண்டு கலம். முதலாவதில் இரும்பு, அது நல்ல சூட்டில் பாதி வேலைக்கு மேல் முடித்துவிடும். மிச்சமிருக்கும் மோனாக்சைடைக் குறைந்த சூட்டில்தான் தீர்க்க முடியும். அதற்குத்தான் இரண்டாவது கலத்தில் செம்பும் துத்தநாகமும் சேர்த்து நான் என் கையால் செய்த கறுப்புக் குருணை. இரும்பு முரட்டு ஆசாமி, எதைக் கொடுத்தாலும் தாங்கும். செம்பு மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, எதற்கு முகம் கோணும் என்று சொல்ல முடியாது. கந்தகம் ஆகாது. ஈரம் படிந்தால் ஆகாது. குளோரின் வாடை பட்டாலே ஆகாது. சிலிண்டர் வாயுவை வைத்துத் திருப்பதி லேபில் சோதித்தபோது என் செம்பு மாதக்கணக்கில் அசையாமல் வேலை செய்தது. சித்தூர் உலையின் வாயுவில் ஒரு முழு வாரம் தாங்கிக் காட்டினால் ஆய்வேட்டை எழுதலாம் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். பகலெல்லாம் ஓட்டி, சாயங்காலம் நைட்ரஜனில் மூடிவைத்து, மறுநாள் தொடர வேண்டும். அந்த ஒரு வாரம்தான் எனக்கும் என் வேலைக்கும் நடுவில் நின்றது.

உலை அவருடைய சொந்த வடிவமைப்பு. தலை திறந்த உலை. காற்று மேலேயிருந்து கொட்டையின் வழியாகக் கீழே இறங்கி, நெருப்பைத் தாண்டி, வாயுவாக அடியில் வெளியேறும். முதன்முதலாக வாயு எடுத்தபோது விஜயவாடாவிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். அவர்களை ஏணியில் ஏற்றி, திறந்த வாயைக் காட்டி, “மூடியே கெடயாது பாருங்க, ஆனா ஒரு துளி பொக மேல வராது, எல்லாத்தையும் கீழ இழுத்துக்கும்” என்று பெருமையடித்தார். படம் எடுத்தார்கள். என்னையும் உலைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தார்கள். ஊர்ப் பேப்பரில் வந்தது.

மறுநாள் கலத்தைத் திறந்து பழைய செம்பை வெளியே எடுத்தேன். வேலை செய்து முடித்த செம்பு காற்றைக் கண்டால் தானாகவே தணலாகும். நைட்ரஜன் குழாயில் ஏதோ கசிவு, நான் கவனிக்கவில்லை. தட்டில் கொட்டிய குருணை கண்ணெதிரே சிவந்தது, இடது மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. வழிகாட்டிதான் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழி முழுக்கத் திட்டினார். தழும்பு இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு தொடங்கியது சனியன். ஒவ்வொரு முறையும் திங்கட்கிழமை காலையில் ஓட்டத்தைத் தொடங்குவோம். கடைசியில் இருக்கும் மீட்டரில் மோனாக்சைடு அளவு தரையோடு தரையாகக் கிடக்கும். எனக்குச் சிரிப்பு வரும், டீ இனிக்கும். மறுநாள் மதியத்துக்குள் எண் மெல்ல ஏறத் தொடங்கும். ஏற ஆரம்பித்துவிட்டால் இறங்கவே இறங்காது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது பரீட்சையில் தோற்பதைவிட மோசம். தோற்பதை மெதுவாக, பத்து நிமிடத்துக்கு ஒரு எண்ணாக நமக்கே வாசித்துக் காட்டுகிற மாதிரி.

“நல்லா கழுவினியாம்மா?”

குருணையைத் தயாரிக்கும்போது சோடா உப்புக் கரைசலில் வீழ்படிவாக்கிப் பிறகு சுத்தமான நீரில் பலமுறை கழுவ வேண்டும், சோடியம் தங்கினால் செம்பு கெடும். அதைத்தான் கேட்டார். சரி, கழுவுவதைக் கூட்டினேன். செத்தது. கந்தகம் என்று சந்தேகப்பட்டு அதை நீக்கும் கலத்தை மாற்றினேன். செத்தது. நீராவி படிகிறதோ என்று குழாய்க்கெல்லாம் கம்பளி சுற்றினேன். செத்தது. ஒவ்வொரு சாவுக்கும் திருப்பதியிலிருந்து காலை ரயில், பாகாலாவில் நின்று நின்று சித்தூர், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. திரும்பிப் போகும்போது பையில் செத்த செம்பு.

செத்ததை ஒருமுறை பெரிய கருவியில் கொடுத்துப் பார்த்தேன். குளோரின் இருக்கிறது என்று வந்தது. ஒரு நிமிடம் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, எதிரியின் பெயராவது தெரிந்துவிட்டதே! ஆலையில் பழங்களைக் குளோரின் தண்ணீரில்தான் கழுவுவார்கள். அதுதான் என்று முடிவுகட்டி ஆலை மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார்: பழத்தின் தோலில் படுவது உள்ளே கொட்டைக்கு எப்படிப் போகும்? நான் கேட்கவில்லை. கொட்டையை மூட்டை மூட்டையாக நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, அதை மட்டும் போட்டு ஓட்டினேன். செத்தது. அலசிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன். குளோரைடு இருந்தால் பால்போல் வெளுக்கும். வெளுக்கவில்லை. போர் தண்ணீரில் லேசாக வெளுத்தது, அதுகூட அந்த அளவுக்குப் போதாது. ஆனால் உலை வாயுவைக் கழுவும் தொட்டியில், சுற்றிச் சுற்றி ஓடும் அந்தத் தண்ணீரில் விட்டபோது கெட்டித் தயிராக வெளுத்தது. கொட்டையில் இல்லாத குளோரைடு உலையைத் தாண்டியதும் எங்கேயிருந்து வருகிறது? இரும்பிலிருந்தா? ஆகாயத்திலிருந்தா?

வழிகாட்டியிடம் காட்டினேன். கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் சீரியஸாகிவிட்டது. “குளோரைடு நிச்சயமா இருக்குது. சாதாரணமாவும் இல்ல. நீ பாத்திரத்த எதுல கழுவுற?”

அன்றைக்கு அந்தக் குழாயை அவர் மேல் எறிந்திருப்பேன். சில்வர் நைட்ரேட் பட்டால் கறை போகாது என்பதால் விட்டேன்.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். தினமும் உலையைப் பற்றவைக்கும் முன் நான் குனிந்து வால்வுகளைச் சரிபார்ப்பேன். அப்போது அவர் எனக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். மீட்டர்ப் பலகையின் கண்ணாடியில் அவர் கை அசைவது நிழலாகத் தெரியும். நான் எந்த வால்வைத் திறந்தேன், எதை விட்டேன் என்று விரலால் கணக்கெடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடம் வேலை செய்தவளை நம்பாமல் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? பிறகு ஏணியில் ஏறிப்போய் உலையை எட்டிப் பார்ப்பார். அது அவர் பெற்ற பிள்ளை, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்தத் தை மாதம் அவருடைய அக்கா மகளுக்குச் சத்யவேட்டில் கல்யாணம். தாய்மாமன் என்பதால் முன்னும் பின்னுமாக நாலைந்து நாள் அவர் வரவில்லை. கழுவும் தொட்டியின் மோட்டார் பழுதானதால் தண்ணீரை மொத்தமாக மாற்றியிருந்தோம். நானும், உலைக்குக் கொட்டை போடும் ஆபரேட்டரும் மட்டும் திங்கட்கிழமை தொடங்கினோம். செவ்வாய் மதியம் வந்தது. எண் ஏறவில்லை. புதன் வந்தது. ஏறவில்லை. நான் சாப்பிடாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேட்டர், “மேடம், அது எங்கியும் ஓடிப்பூடாது, போயி துன்னுட்டு வாங்க” என்றார். வியாழன் சாயங்காலமும் எண் தரையில்தான் கிடந்தது. கல்யாண வீட்டுக்குப் போன் செய்தேன். பின்னணியில் மேளச் சத்தம்.

“பாத்தியா! நல்லா கழுவினா எப்டி நிக்குது பாத்தியா!” என்று கத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை அவரே வந்துவிட்டார், கையில் கல்யாண லட்டு டப்பாவோடு. எனக்கும் ஆபரேட்டருக்கும் கொடுத்தார். சந்தோஷமாக என் பின்னால் வந்து நின்றார், ஏணியில் ஏறி உலையைப் பார்த்தார், இறங்கினார். பற்றவைத்தோம். சனிக்கிழமை மதியம் எண் ஏறியது.

எனக்கு அழுகை வரவில்லை. ஒரு கெட்ட நினைப்பு வந்தது. இந்த மனிதர் இல்லாத நாளெல்லாம் செம்பு பிழைத்தது, வந்ததும் செத்தது. ராசி, கிரகம் என்று பேசுபவர்களை வகுப்பில் கிண்டல் செய்பவள் நான். அந்த நானே அன்று ரயிலில் உட்கார்ந்து, இவர் ராசிதான் சரியில்லை என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை இரும்புக் கலத்தை மட்டும் சோதிக்கலாம் என்று உலையைப் பற்றவைத்தோம். வழக்கம்போல எல்லாம் நடந்தது. கொஞ்ச நேரத்தில் வாயு வரத்து குறைந்தது, மேலே கொட்டைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் அப்படி ஆகும். கம்பியால் குத்திவிட வேண்டும். ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தார். நானே ஏணியில் ஏறினேன். உலை வாயின் விளிம்பில், இரண்டு மாங்கொட்டைக்கு நடுவே, ஒரு காய்ந்த மிளகாய் சிவப்பாகச் சொருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளையாகக் கற்கள். ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தேன்.

கல்லுப்பு.

ஆபரேட்டர் டீ டம்ளரோடு கீழே வந்து நின்று, நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். “அது சார் போடறது மேடம். டெய்லி போடறாரே. திஷ்டிக்கு.”

“டெய்லியா?”

“ஆமா. உங்க கை சுட்டுக்கின நாள்லேருந்து. இன்னா மேடம், நல்லதுக்குத்தானே?”

உப்புக்கல்லைக் கையில் மூடிக்கொண்டு இறங்கினேன். உப்பு நெருப்பில் வெடித்து, ஆவியாகி, வாயுவோடு போய், தொட்டித் தண்ணீரில் கரைந்து, அந்தத் தண்ணீரின் சாரலோடு என் செம்புக்கு நாள்தோறும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் என் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய ஒரு வருடம் முழுக்க. வழிகாட்டி மீட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையை விரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“இது என்ன சார்?”

பார்த்தார். சிரிக்கப் பார்த்தார். “அது சும்மா. வீட்ல பொட்டலம் கட்டிக் குடுத்தனுப்புவாங்க. ஒரு பிடிதான்.”

“ஒரு பிடியா? தொட்டித் தண்ணி தயிராட்டம் வெளுக்குது. ஒரு பிடியா சார்?”

“மொதல்ல ஒரு பிடிதாம்மா போட்டேன்.” குரல் இறங்கிவிட்டது. “நெடி வரல. மொளகா அவ்ளோ போட்டும் நெடியே வரல. எவ்ளோ கண்ணு பட்டிருந்தா நெடி வராம இருக்கும்? பேப்பர்ல வேற போட்டுட்டானுங்க. அதான் மறுநாள் கொஞ்சம் சேத்துப் போட்டேன். அப்பவும் வரல. அப்றம் இன்னும் கொஞ்சம்.”

மிளகாய் நெருப்பில் கமறினால் திருஷ்டி இல்லை, கமறாவிட்டால் பெரிய திருஷ்டி என்பது எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

“சார், அந்த உலைல நெடி எப்டி சார் வரும்? காத்து மேலேருந்து கீழ போவுது. பொகயே மேல வராது. நீங்க கட்டின உலை சார் அது! ஏணி போட்டு ஊருக்கே காட்டினீங்களே!”

அவர் திரும்பி உலையைப் பார்த்தார். முதல் முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. குளோரைடு செம்பை என்ன செய்யும் என்று எனக்குப் பாடம் நடத்தியவர் யார், குழாயைத் தூக்கிப் பார்த்துப் பாத்திரத்தை எதில் கழுவுகிறாய் என்று கேட்டவர் யார், எல்லாவற்றையும் கத்தினேன். ஆலையில் வேலை செய்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்தி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது.

“எனக்குத் தெரியாதாம்மா குளோரைடு?” என்றார் கடைசியில். “நான் அத உப்புன்னே நெனைக்கலியே. திஷ்டின்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்.”

இத்தனை படித்த மனிதர், பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திட்டுவதற்கு ஒரு வில்லன் கிடைத்திருப்பான். இப்போது கையில் மிஞ்சியது நாலு உப்புக்கல்லும், கல்லூரி கொடுத்த கெடுவும்தான்.

குழாய்களைக் கழற்றித் தொட்டியைத் தேய்த்து எல்லாவற்றையும் கழுவினோம். கழுவியது பெரும்பாலும் அவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தார். நான் மேலே நின்று, “நல்லா கழுவினீங்களா சார்?” என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். அந்தச் சந்தர்ப்பத்தை விட்டுவிட நான் மகாத்மா அல்ல. சில்வர் நைட்ரேட் விட்டால் தெளிவாக நிற்கும்வரை அவரைத் தேய்க்கவைத்தேன். குருணை இனி ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் இருந்தது. புதிதாகச் செய்து, சோதித்து, இன்னொரு முறை ஓட்ட நாள் இல்லை. இது செத்தால் பட்டம் இல்லை, பட்டம் இல்லாவிட்டால் அட்மிஷனுக்கு முன் என் நாற்காலியில் வேறு யாரோ.

அந்தத் திங்கட்கிழமை காலை அவர் வெறும் கையோடு வந்தார். நான் குனிந்து வால்வுகளைப் பார்த்தேன். பின்னால் யாரும் வந்து நிற்கவில்லை. கண்ணாடியில் நிழல் இல்லை. திரும்பிப் பார்த்தால் அவர் கொட்டகைத் தூண் பக்கத்தில் நிற்கிறார். கைகளைப் பாக்கெட்டில் விடுகிறார், எடுக்கிறார், கட்டிக்கொள்கிறார். உலையைப் பார்க்கிறார், என் மணிக்கட்டைப் பார்க்கிறார். அந்தப் பதற்றம் எனக்கும் தொற்றி, எந்த வால்வைத் திறந்தேன் என்று எனக்கே மறந்துபோனது.

“உப்பு இருக்குதா சார்?” என்றேன்.

“கார்ல இருக்குது.”

“எடுத்துக்கினு வந்து சுத்துங்க. ஆனா உலைல போடக் கூடாது. கேட்டுக்கு வெளிய டீக்கட அடுப்புல போடணும். ரியாக்டர சுத்தறதுனா நைட்ரஜன் லைன்ல இடிக்காம சுத்துங்க.”

ஓடிப்போய் எடுத்து வந்தார். ரியாக்டர் பக்கம் போகவே இல்லை. என் எதிரில் வந்து நின்றார்.

“ரியாக்டருக்கு எதுக்கும்மா? அது இரும்பு. நீ கெழக்க பாத்து நில்லு.”

நின்றேன். பின்னால் நின்று வால்வை எண்ணிய அந்தக் கை இத்தனை நாளும் என்னைத்தான் சுற்றியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. வலமாக, இடமாக, மறுபடி வலமாக, மூடிய கை என் தலையைச் சுற்றியது. அவர் மேல் பாசம் வந்தது. அதே நேரம் ஒரு வருடமாகச் செத்த செம்பெல்லாம் ஞாபகம் வந்து கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. “சீக்கிரம் சார், நேரம் ஆவுது” என்று மட்டும் சொன்னேன்.

கேட்டுக்கு வெளியே டீக்கடை அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கமறிய கமறலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இருமிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். கடைக்காரர் தெலுங்கில் திட்டினார். வழிகாட்டி கண்ணில் தண்ணீர் வழிய, இருமலுக்கு நடுவே, அவ்வளவு நிம்மதியாகத் திரும்பி வந்தார். “நெடி வருதும்மா. திஷ்டி ஒண்ணும் இல்ல.”

செம்பு அந்த வாரம் முழுக்க நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் எண் முதல் நாள் எங்கே கிடந்ததோ அங்கேயே கிடந்தது. அடுத்து அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொன்னார்: “பாத்தியா, முறையா சுத்திப் போட்டா எப்டி நிக்குது!” நான் நைட்ரஜனைத் திறந்தேன்.

வாய்மொழித் தேர்வு திருப்பதியில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் பொறுமையாகப் படித்திருந்தார். குளோரைடு பற்றிய அத்தியாயம்தான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. கொட்டையிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை, வெளியிலிருந்து கலந்த உப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அது எப்படிக் கலந்தது, யார் கலந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இந்தக் கேள்விக்காக நான் எவ்வளவு காத்திருந்தேன் தெரியுமா? ரயிலில் வரும்போது பதிலைக்கூடத் தயார் செய்திருந்தேன். வழிகாட்டி தேர்வாளருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேசைக்கு மேலே இருந்த என் இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைத்தலைவரும் மாணவர்களும் கூட்டமாக இருந்தார்கள். வாயைத் திறந்தேன். தயார் செய்த பதில் வரவில்லை.

“எங்கள் பக்கத்தில் நடந்த தவறு சார்,” என்றேன். “ஓட்டத்தின்போது எனக்காகக் கலந்தது.”

அந்த ‘எனக்காக’ தேர்வாளர் காதில் விழவில்லை, நான்தான் கலந்தேன் என்று எடுத்துக்கொண்டார். ஓட்டத்தை நடத்தியவள் நான், வேறு யாராக இருக்க முடியும்? புன்னகையோடு, செம்போடு வேலை செய்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அடிப்படைச் சுத்தம் முக்கியம் என்று அறிவுரை சொன்னார். பக்கத்தில் என் வழிகாட்டி, பழக்க தோஷத்தில், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

ஆட்டிய தலையைப் பார்த்தபோது எனக்குப் பற்றி எரிந்தது. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று தேர்வாளர் எழுந்து நின்று சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வேலை பிழைத்தது, நைனா இனிமேல் தெருவுக்கே சொல்லலாம். நான் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் செருப்புச் சத்தம். திரும்பவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒரு நிழல் கை உயர்ந்து, வலமாக, இடமாக, மறுபடி வலமாகச் சுற்றியது. இத்தனை பேர் முன்னால் கைதட்டல் வாங்கியிருக்கிறேனே, சும்மா விடுவாரா? சுற்றி முடித்து, உப்பைப் பொத்திய கையோடு வராந்தாவை மேலும் கீழும் பார்த்தார். துறைக் கட்டடத்தில் எங்கே அடுப்பு இருக்கும்? திருதிருவென்று விழித்தார்.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இன்றைக்கும் போகவில்லை.

“வாங்க சார்” என்று வாஷ்பேசின் பக்கம் கூட்டிப் போய், நானே குழாயைத் திறந்துவிட்டேன்.